ராசியான ஹெல்மெட்டு

வாங்க ஜெரோம் தம்பி, உள்ள வாங்க. பூட்ஸெல்லாம் கழட்ட வேண்டாம், அதைக் கழட்டி மாட்டறதுக்குள்ள பொழுது போயிரும். என்ற மவன் பண்ணினதைப் பாத்துப் பாத்து எனக்குத் தெரியாதுங்களா. அப்படியே வாங்க. நாளைக்கு அவனுக்கு வருசத் தெவசம், எப்படியும் ஊடு கழுவத்தான் போறேன்.

நாளைக்கு உங்களுக்கு டூட்டியாமா? அதுக்கென்னங்க, இன்னைக்கு வந்தீங்களே, அது போதும். என்ற சின்னவன் நவநீதனோட சுத்தினவங்க எத்தனை பேரு. சாவுக்கு அத்தனை வண்டி தெருவை அடைச்சு நின்னுச்சு. அதுக்கப்பறம் இந்த வாசப்படிய மிதிச்சது நீங்க ஒருத்தருதான்.

கையில என்னங்க பை? பிரிங்க, பாக்கலாம்.

ஓ. இது அவன்ற புது ஹெல்மெட்டு. கறுப்புல சிவப்புக் கோடு. இத்தனை நாளா உங்ககிட்டத்தான் இருந்துச்சா? அதுஞ்சரி, வேற எங்க இருக்கப் போகுது. அந்தச் சேர் மேல வைங்க. இல்லீங்க, வேண்டாம், அது எங்க ஊட்டுக்காரரு உக்கார்ற எடம், வந்து பாத்தார்னா அப்படியே நின்னு போயிருவாரு. டிவிக்குப் பக்கத்துல வைங்க. கொஞ்சம் திருப்பி வைங்க தம்பி, முன்பக்கம் சொவத்தைப் பாக்கட்டும்.

அவரு வாழை இலை வாங்கப் போயிருக்காரு. வர நேரமாகும். வந்தாலும் ஒண்ணும் பேசமாட்டாரு. ஒரு வருசமா என்கிட்ட "சோறு போடு", "லைட்டை அணை", இந்த ரெண்டுதான்.

உக்காருங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன், நீங்களே வந்துட்டீங்க. என்ற மருமக தாரணி உங்க போனை எடுப்பாளாமா? எடுப்பா, எனக்குத் தெரியும். அவளுக்கு ஒரு போன் போடுங்க. நாளைக்கு வரச் சொல்லுங்க. புருசன் தெவசத்துக்குப் பொண்டாட்டி வராம இருந்தா ஊரு என்ன பேசும்? சரி, ஊரு கெடக்குது. பாப்பாவைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. அவங்கொப்பன் போட்டோவுக்கு ஒரு பூ எடுத்துப் போடட்டும் அந்தக் கொழந்தை. நடக்கறாளாம் இப்ப. ஓடறாளாம். எனக்குப் போட்டோவுலதான் ஓடறா.

அதை ஒண்ணு சொல்லோணும், தாரணி போட்டோ அனுப்பாம இருக்கறதில்லை. பாப்பா புதுச் சட்டை போட்டா வரும், காதுகுத்துக்கு வந்துச்சு. வெறும் போட்டோதான், ஒரு வார்த்தை இருக்காது. நான் போன் பண்ணினா எடுக்கறதில்லை. கோபியில அவங்கப்பன் ஊட்டுல போயி உக்காந்துக்கிட்டு ஒரு வருசமா இதே கதை. நான் என்னங்க பண்ணினேன் அவளுக்கு? நீங்களே கேளுங்க. கேட்டுப்போட்டு நாயம் சொல்லுங்க.

எல்லாம் அந்தப் பழைய ஹெல்மெட்டுல வந்த வெனை.

உங்களுக்கு எங்க பெரியவனைத் தெரியுமில்ல, தினகரன். இப்ப மஸ்கட்டுல இருக்கான். அவனுந்தான் மொதல்ல வண்டிப் பைத்தியம். விஜயமங்கலம் பாலத்துக்கிட்ட ஒரு லாரிக்காரன் சொல்லாம கொள்ளாம திருப்பிப்போட்டான். இவன் பறந்து போயி ரோட்டு நடுவுல இருக்கற செவுத்துல விழுந்தான். கை போச்சு, காலு போச்சு, நெஞ்செலும்பு போச்சு. தலை மட்டும் தேங்காயாட்ட முழுசா இருந்துச்சு. "அம்மா, இந்த ஹெல்மெட்டு இல்லீன்னா உங்க பையன் இல்லீங்க"ன்னு டாக்டர் சொன்னாரு. டாக்டர் சொன்னது தம்பி, நானாச் சொல்லலை.

அந்த ஆஸ்பத்திரி நர்சம்மா அதைக் குப்பையில போடப் போனாங்க. ஓடிப்போயி புடுங்கிட்டு வந்தேன். என்ற புள்ளையக் குடுத்த சாமிங்க அது, குப்பையிலயா போடறது? முந்தானையில சுத்தி மடியில வச்சுக்கிட்டே பஸ்ஸுல வந்தேன். பூசை ரூம்புல முருகருக்குப் பக்கத்துல எடம் பண்ணினேன். விபூதி மூணு பட்டை, நடுவுல குங்குமம், தாடைக்கு மாட்டற பட்டையில மஞ்சத் துண்டு வச்சு ஒரு கயிறு. எங்க ஊட்டுக்காரரு சிரிச்சாரு. சிரிக்கட்டும். பெத்தவளுக்குத்தான் தெரியும்.

சும்மா கும்புட்டுட்டு உட்டுடலை. நான் எதையும் அழுக்கா வைக்கறவளில்லை, பாக்கறீங்கல்ல ஊட்டை. பின்னாடி ஒரு கீறல் இருந்துச்சு, விரல் நீளத்துக்கு. பெயிண்ட்டுக் கடைக்காரன்கிட்டச் சொல்லி பட்டி வச்சுத் தேச்சு கறுப்புப் பெயிண்ட்டு அடிச்சு வாங்கினேன். எங்க கீறல் இருந்துச்சுன்னு நீங்க தேடிப் பாத்தாலும் கெடைக்காது. வெள்ளிக்கெழமையானா தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைப்பேன். ரோட்டுத் தார் ஒட்டியிருந்த எடத்துல மண்ணெண்ணெய் போட்டுத் தேச்சேன். உள்ள இருக்கற பஞ்சை சுடுதண்ணியில சோப்புப் போட்டு ஊற வச்சு அலசி மாடியில வெயில்ல காய வச்சேன். அப்படியே புதுசாட்ட ஆயிருச்சு. பாத்தவங்க நம்ப மாட்டாங்க.

ஏனுங்க, காப்பி வேண்டாமா? கையைப் பெசையறீங்க. சரி, அப்பறம் போடறேன்.

சின்னவன் வண்டி வாங்கினான். வேண்டாம்னு அழுதேன். பெரியவன் பட்டது பத்தாதான்னேன். "அம்மா, நான் அண்ணனாட்ட இல்லீங்மா, நான் எல்லாம் போட்டுக்கிட்டுத்தான் ஓட்டுவேன்"னான். போட்டானே, நாயமாச் சொல்லோணும். ஜாக்கெட்டு, கையுறை, முட்டிக்கு மாட்டறது, பூட்ஸு. அந்த ஜாக்கெட்டுல தோளுக்கு, முழங்கைக்கு, முதுகுக்குன்னு அட்டையாட்ட ஒண்ணு வச்சிருக்கான். ஈரோட்டு வெயில்ல இதைப் போட்டுக்கிட்டு நின்னான்னா எனக்குச் சிரிப்புத் தாங்காது. "என்னடா, போருக்கா போறே?"ன்னு கேப்பேன். "போற எடத்துல பொண்ணுங்க பாக்கறாங்கம்மா"ம்பான் தாரணி இருக்கறப்பவே. அவ கரண்டிய எடுப்பா. அந்த மாதிரி ஊடுங்க இது. இப்படி இருந்த ஊடு இதுன்னு இப்ப யாரும் சொல்ல முடியாது.

ஞாயித்துக்கெழமை அதைத் தொவைக்கறது ஒரு சடங்கு. என்னையத் தொட உட மாட்டான். அந்த அட்டையெல்லாம் ஒவ்வொண்ணா உருவி வெளிய வைப்பான். பச்சத் தண்ணியில முக்கி எடுப்பான், முறுக்கிப் பிழியக்கூடாது, நெழல்ல தொங்க உடோணும். மறுபடி ஒவ்வொரு அட்டையும் அதது எடத்துக்குப் போச்சான்னு தடவித் தடவிப் பாப்பான். தாரணிக்கும் சொல்லிக் குடுத்தான். அவ வவுத்துல பாப்பாவை வச்சுக்கிட்டு உக்காந்து கையுறைக்கு என்னமோ களிம்பு தேய்ப்பா. தோலு வெடிச்சிரக் கூடாதாம்.

அப்பறம் இந்த ஹெல்மெட்டு. நீங்களும்தான கோயமுத்தூருக்குக் கூடப் போனீங்க? வந்து சொன்னான். ஒவ்வொண்ணா மாட்டிக்கிட்டு அந்தக் கடையிலயே உக்காந்திருந்தானாம். கன்னம் அமுங்கோணுமாம், விரல் உள்ள போகக் கூடாதாம், தலைய ஆட்டினா அதுவும் சேந்து ஆடோணுமாம், தனியா ஆடக் கூடாதாம். கலியாணத்துக்குப் பட்டெடுக்கறப்பக்கூட எங்க சனம் அவ்வளவு நேரம் உக்காந்ததில்லை. கடைசியில சிவப்புக் கோடு இருக்கறதுதான் வேணும்னு நின்னானாம், ஜாக்கெட்டுக்குச் சேரோணும்னு. அவ்வளவு சோக்கு.

கொண்டாந்து இதே எடத்துல வச்சான். "ஏன் சாமி, உங்கண்ணன் உசுரைக் காப்பாத்தினது உள்ள இருக்கறப்போ, இது எதுக்கு?"ன்னேன். அவன் பொறுமையாத்தான் சொன்னான். "அம்மா, அது ஒரு தடவை அடி வாங்கிருச்சு. உள்ள இருக்கற தெர்மாக்கோலு ஒருக்கா அமுங்கினா அமுங்கினதுதான். அதோட வேலை முடிஞ்சு போச்சுங்மா." தாரணியும் வந்து நின்னா. "அத்தை, அடிபட்டது மறுபடி தாங்காதுங்க"ன்னா. எனக்குச் சுருக்குனு கோவம் வந்துருச்சு. "என்ற வவுத்தை ரெண்டு தடவை கிழிச்சு ரெண்டு பேரை எடுத்திருக்காங்க. நான் தாங்கலையா?"ன்னேன். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. என்ன பதில் இருக்குது அதுக்கு?

புதுசு எப்படின்னு யாருக்குத் தெரியும்? அது ஒரு உசுரையும் காப்பாத்திக் காட்டலையே. பழசு காட்டுச்சு. நான் அப்படித்தான் நெனச்சேன். எந்தத் தாயும் அப்படித்தான் நெனைப்பா.

ஒரு வாரம் சோறு திங்கலை நான். பூசை ரூம்புலயே படுத்துக்கிட்டேன். அவன் தாங்க மாட்டான், சின்னதுல இருந்தே நான் மூஞ்சியத் தூக்கினா அவனுக்குச் சோறு எறங்காது. வந்து பழசை எடுத்து மாட்டிக்கிட்டு, "பாரும்மா, போதுமா?"ன்னான். எனக்கு உசுரே திரும்பி வந்தாப்புல இருந்துச்சு. தினமும் காலையில அவன் பொறப்படறப்போ நானே எடுத்துக் குடுப்பேன். நெத்தியில விபூதி வச்சு, ஹெல்மெட்டுக்கும் வச்சு, குடுப்பேன். சிரிச்சுக்கிட்டே போவான்.

அப்பறந்தான் பால் சொசைட்டிக்கார அக்கா ஒரு நாள் கேட்டா, "உன்ற மவன் சிவப்புக் கோடு போட்ட ஹெல்மெட்டுல சோக்காப் போறானே"ன்னு.

நீங்க தலையக் குனிய வேண்டாம் தம்பி. எனக்குத் தெரிஞ்சு போச்சு, உங்க ஊட்டுல நிறுத்தி மாத்திக்கிட்டுத்தான் போனான், வர்றப்போ மறுபடி பழசை மாட்டிக்கிட்டு வந்தான். உங்க மேல எனக்கு அப்பக் கோவந்தான். இல்லைன்னு சொன்னாப் பொய்யி. நீங்க அப்ப எனக்கு ரெண்டு மூணு தடவை போன் பண்ணினீங்க, நான் எடுக்கவே இல்லை. என்ன சொல்லியிருப்பீங்க? அவங்க ரெண்டு பேரும் சொன்னதையேதான சொல்லியிருப்பீங்க.

அன்னைக்கு அவன் ஊட்டுக்கு வந்ததும் ஒண்ணும் சத்தம் போடலை. அவன் கையப் புடிச்சு என்ற தலை மேல வச்சேன். "இனி அந்தப் புதுசைத் தொட மாட்டேன்னு என்ற தலை மேல சத்தியம் பண்ணு. அதை மீறினா நான் செத்துப் போயிருவேன்"னேன். அவன் கையை இழுத்தான், நான் உடலை. தாரணி பாப்பாவைத் தூக்கிக்கிட்டு அந்தக் கதவுக்கிட்ட நின்னு "அத்தை, வேண்டாங்க அத்தை"ன்னு அழுதா. சத்தியம் பண்ணிப்போட்டான். பண்ணிட்டு, "சரிம்மா, இனிமே நான் மெதுவாப் போறேன்"னான். அவ்வளவுதான் சொன்னான்.

சொன்ன சொல்லைக் காப்பாத்தினான் என்ற மவன். அதுல எனக்குப் பெருமைதான், யாரு என்ன சொன்னாலும். மெதுவாத்தான் போனான். குன்னத்தூர் ரோட்டுல ஒரு நாய் குறுக்க வந்துச்சு, பிரேக் அடிச்சான், சாஞ்சான். சைக்கிள்காரன்கூட அந்த வேகத்துல எந்திரிச்சு மண்ணைத் தட்டிட்டுப் போயிருப்பான்னு பாத்தவங்க சொன்னாங்க. ஜாக்கெட்டு ஒரு பக்கம் தேஞ்சிருந்துச்சு, உள்ள தோளுல ஒரு செராய்ப்பு இல்லை. கையுறை கிழிஞ்சிருந்துச்சு, கையில நகம்கூடப் பேரலை. முட்டி, காலு, எல்லாம் அப்படியே. தூங்கறவனாட்ட இருந்தான் தம்பி. குளுப்பாட்டறப்போ நான்தான் உடம்பு பூராப் பாத்தேன். பெத்தப்போ பாத்த மாதிரி பாத்தேன். எங்கயும் ஒண்ணுமில்லை. தலைக்குள்ள மட்டும் போயிருச்சு.

அதுதான் எனக்கு ஆறலை. பெரியவன் அவ்வளவு வேகத்துல செவுத்துல மோதினப்போ காப்பாத்தினது, சின்னவனை நாய்க்கு உட்டுருச்சே. ஏன்? அது என்ன ஓரவஞ்சனை?

அப்பத்தான் எனக்கு அந்தக் கயிறு ஞாபகம் வந்துச்சு. அது நடக்கறதுக்குச் சித்த நாள் மின்னாடி தாரணி அந்த மஞ்சக் கயித்தை அறுத்துப்போட்டா. கேட்டதுக்கு, "கயிறு இருந்தா பட்டை சரியா மாட்டறதில்லீங்க அத்தை, கொக்கி பாதிதான் உள்ள போகுது, அவரு இதைத்தான் போடறதுன்னு ஆயிப்போச்சு, பட்டையாவது ஒழுங்கா மாட்டட்டும்"னா. நான் கத்தினேன். புதுக் கயிறு வெள்ளிக்கெழமைதான் கட்டோணும், அந்த வெள்ளிக்கெழமை வரலை. அதுக்குள்ள இது வந்துருச்சு.

அதனால சொன்னேன். சாவு ஊட்டுல, அத்தனை சனத்துக்கு மின்னாடி, அவ தலை விரிச்சு உக்காந்திருக்கறப்போ. "நீ கயித்தை அறுத்தே, என்ற மவன் உசுரு அறுந்து போச்சு"ன்னு சொன்னேன். சத்தமாச் சொன்னேன். எல்லாருக்கும் கேட்டுச்சு. நீங்களும் அங்கதான் நின்னீங்க, உங்களுக்கும் கேட்டிருக்கும்.

அவ நிமிந்து என்னையப் பாத்தா. அவங்கப்பன் எந்திரிச்சாரு, மொகமெல்லாம் செவந்து போயி, "ஏம்மா, டாக்டர் என்ன சொன்னாருன்னு தெரியுமா உங்களுக்கு"ன்னு ஆரம்பிச்சாரு. தாரணி அவரு கையப் புடிச்சு இழுத்து உக்கார வச்சா. "அப்பா, வேண்டாம். என் மேல சத்தியம்"னா. அந்த மனுசன் வாயை மூடிக்கிட்டாரு. காரியம் முடிஞ்சதும் பாப்பாவைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா. என்ற காலைத் தொட்டுக் கும்புட்டுட்டுத்தான் போனா. திரும்பி வரலை.

பழசு எங்கன்னு பாக்கறீங்களா? பூசை ரூம்புல இல்லீங்க. போலீஸ்காரங்க குடுத்தப்போ எங்க ஊட்டுக்காரரு வாங்கினாரு. என்ன பண்ணினாருன்னு கேட்டேன், சொல்லலை. நானும் மறுபடி கேக்கலை.

என்ன தம்பி, கண்ணைத் தொடைக்கறீங்க? நீங்க அழுதா நான் என்ன பண்ணுவேன். நான் இன்னும் முடிக்கலை. ஒண்ணு இருக்குது. யாருகிட்டயும் சொல்லலை.

ஆஸ்பத்திரியில, அவன் போயிட்டான்னு சொன்னதுக்கப்பறம், டாக்டர் தாரணியை மட்டும் உள்ள கூப்பிட்டாரு. கண்ணாடி வழியாப் பாத்தேன். மேசை மேல அந்த ஹெல்மெட்டு இருந்துச்சு. அவரு அதைத் திருப்பி, உள்பக்கம் கையை உட்டு என்னமோ காட்டிச் சொன்னாரு. அவ ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டு நின்னா. அப்பறம் கையெடுத்து அவரைக் கும்புட்டா. எதுக்குக் கும்புட்டான்னு எனக்கு அப்பப் புரியலை. வெளிய வந்தா. நேரா என்கிட்ட வந்து, ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு, "அத்தை, ஹெல்மெட்டுனால ஒண்ணுமில்லீங்க. உங்க மேல ஒரு தப்புமில்லீங்க"ன்னா.

நான் கேக்கவே இல்லீங்களே தம்பி. ஹெல்மெட்டுன்னு நான் வாயே தொறக்கலை. தப்புன்னு யாரும் சொல்லலை. புருசன் செத்துக் கெடக்கறான், அவளுக்கு அந்த நேரத்துல எதுக்கு என்கிட்ட வந்து அதைச் சொல்லோணும்?

ஒரு வருசமா இதான். பால் காயறப்போ அதான், பூப் பறிக்கறப்போ அதான். நான் அவளை ஊரு முன்னாடி அப்படிப் பேசினேன். அவ வாய்க்குள்ள அடக்கி வச்சிருந்தது என்ன? அவங்கப்பன் வாயை ஏன் பொத்தினா?

வேண்டாம். நீங்க சொல்லாதீங்க. உங்களுக்குத் தெரியும், உங்க மூஞ்சியப் பாத்தாவே தெரியுது, நீங்க வந்து உக்காந்ததுல இருந்து என்ற கண்ணைப் பாக்கலை. எங்க ஊட்டுக்காரருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். நீங்க யாரும் சொல்ல வேண்டாம்.

தாரணிக்கு மட்டும் போன் போடுங்க. இப்பவே, என்ற மின்னாடியே போடுங்க. கயித்தைப் பத்தி அத்தை இனிப் பேசாதுன்னு சொல்லுங்க. என்னையப் பாத்தா எங்க வாய் தவறிச் சொல்லிப்போடுவமோன்னுதான் அவ இந்தப் பக்கம் வராம இருக்கான்னா, பரவால்லை, வரச் சொல்லுங்க. வந்து என்ற மூஞ்சிக்கு நேராச் சொல்லச் சொல்லுங்க. அவ வாயால கேட்டுக்கறேன். முழுசாக் கேட்டுக்கறேன், நடுவுல பேச மாட்டேன்.

அதைச் சொல்லி முடிச்சதுக்கப்பறம், பாப்பாவை ஒருக்கா என்ற கையில குடுப்பாளான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க தம்பி.